அரண்மனையும் பதுங்குகுழியும்: ஒரு போர்ப் படத்தைக் காட்சி காட்சியாகப் பார்ப்பது எப்படி?

போர்ப் படம் ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டு கருத்துகள்தாம் வரும். சண்டைக் காட்சிகள் பிரமாதம் என்பது ஒன்று. போரின் கொடுமையைக் கண்முன் நிறுத்திவிட்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் பொய்யில்லை. ஆனால் எந்தப் போர்ப் படத்தின்மேல் ஒட்டினாலும் இவை ஒட்டிக்கொள்ளும். ஒரு படத்துக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அந்த வேலையை எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது என்பதை ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

படம், 1957இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய 'பாத்ஸ் ஆஃப் குளோரி'. கறுப்பு வெள்ளை, 88 நிமிடம். முதன்முதலில் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல படம் கிடைப்பது அரிது என்பது என் கட்சி. முழு அளவிலான தாக்குதல் இதில் ஒன்றே ஒன்றுதான். அதுவும் தோல்வியில் முடிகிறது. மற்ற நேரமெல்லாம் மனிதர்கள் பேசுகிறார்கள், நடக்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள். வெடிச்சத்தத்தில் சொக்கிப்போய்க் கவனத்தைக் கோட்டைவிடும் ஆபத்து குறைவு. கதையின் முடிவு வரை சொல்லப்போகிறேன். முதலில் படத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

கதை சின்னதுதான். ஆண்டு 1916. பிரான்ஸ் நாட்டில், இரு தரப்புப் படைகளும் பதுங்குகுழிகளுக்குள் முடங்கிக் கிடக்கின்றன. 'எறும்புப் புற்று' என்று பெயரிடப்பட்ட ஒரு மேட்டை ஜெர்மானியரிடமிருந்து உடனே பிடித்தாக வேண்டும் என்கிறார் மேலிடத்து ஜெனரல் புரூலார். அதை ஏற்றுக்கொள்ளும் ஜெனரல் மிரோ, கர்னல் டாக்ஸின் தலையில் வேலையைக் கட்டுகிறார். தாக்குதல் சிதறிப்போகிறது. பழியைச் சுமக்க ஆள் வேண்டுமே! மூன்று சிப்பாய்கள் கோழைத்தனக் குற்றத்துக்காக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். முன்பு வழக்கறிஞராக இருந்த டாக்ஸ் அவர்களுக்காக வாதாடித் தோற்கிறார். டாக்ஸாக நடித்தவர் கர்க் டக்ளஸ்.

பட்டியல் போடுவது

முதல் முறை எங்கும் நிறுத்தாமல் பார்த்துவிடுங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம். அழ வேண்டிய இடத்தில் அழுது, கோபம் வர வேண்டிய இடத்தில் கோபப்பட்டு முடித்துவிடுங்கள். எந்த இடத்தில் அது நேர்ந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு தோண்ட வேண்டிய இடம் அதுதான்.

இரண்டாவது முறை காகிதத்தோடு உட்காருங்கள். ஓரிடத்தில், ஒரே தொடர்ச்சியாக நடப்பது காட்சி. அந்தக் காட்சிக்குள் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் உள்ள துண்டு ஷாட். இப்போதைக்கு இவ்வளவு கலைச்சொல் போதும். ஒவ்வொரு காட்சிக்கும் நிமிடக் கணக்கைக் குறித்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியில் என்ன பேசினார்கள் என்பதைவிட, காட்சி தொடங்கியபோது இருந்த எது முடியும்போது மாறியிருக்கிறது என்பது இருக்க வேண்டும். 'இரண்டு ஜெனரல்கள் தாக்குதலைப் பற்றிப் பேசுகிறார்கள்' என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு மேலே போக வழியில்லை. 'முடியாது என்று சொன்னவர், முடியும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்' என்று எழுதிப் பாருங்கள். எப்படி மாறினார், எந்த நொடியில் மாறினார் என்ற கேள்வி தானாக முளைக்கும்.

அந்த முதல் காட்சியையே எடுத்துக்கொள்வோம். இடம், ஜெனரல் மிரோ தங்கியிருக்கும் அரண்மனை. (படம் முழுக்க ஜெர்மனியில் எடுக்கப்பட்டது, இந்த அரண்மனை மியூனிக் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஷ்லைஸ்ஹைம்.) புரூலார் உள்ளே வந்ததும் அறையின் அழகைப் புகழ்கிறார். உங்களுக்கு உள்ள ரசனை எனக்கு இல்லையே என்று தரைவிரிப்பையும் ஓவியங்களையும் மெச்சுகிறார். பிறகு எறும்புப் புற்று. மிரோ மறுக்கிறார், நடக்கவே நடக்காது என்கிறார். உடனே புரூலார் பேச்சை மாற்றி, உங்களுக்குப் பதவி உயர்வு தருவதைப் பற்றி மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தூண்டிலைப் போடுகிறார். எண்ணாயிரம் பேருடைய உயிருக்கு நான் பொறுப்பு, அதற்கு முன்னால் என் புகழ் எம்மாத்திரம் என்று மிரோ முழங்குகிறார். முழக்கம் அடங்குவதற்குள் மனம் மாறிவிடுகிறது. என் வீரர்கள் நினைத்தால் முடியாதது எதுவுமில்லை என்கிறார்.

வசனத்தை மட்டும் படித்தால் இது சாதாரண நையாண்டி. ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். இரண்டு முதியவர்கள் பளபளக்கும் தரையில், நாற்காலி மேசைகளுக்கு ஊடே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கேமரா அவர்களோடு வழுக்கிக்கொண்டே போகிறது. அவசரமே இல்லை. எட்டாயிரம் பேரின் தலையெழுத்து முடிவாகிறபோது அந்த அறையில் யாருக்கும் இடநெருக்கடி இல்லை. விரும்பிய பக்கம் திரும்பலாம், விரும்பினால் நிற்கலாம். ஒலியை அணைத்துப் பார்ப்பது மலிவான தந்திரம்போலத் தோன்றும். வசனத்தின் பிடியிலிருந்து கண்ணை விடுவிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மூன்று நடைகள்

அடுத்த காட்சியில் அதே மிரோ பதுங்குகுழிக்குள் வருகிறார். இங்கேயும் கேமரா நகர்கிறது. ஆனால் வட்டமடிக்க முடியாது. இரு பக்கமும் மண்சுவர், மேலே ஒரு கீற்று வானம், கீழே பலகை. கேமரா அவர் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கிப் போகிறது, அவர் அதை நோக்கி நடந்து வருகிறார். வழியில் நின்று சிப்பாய்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: இன்னும் கொஞ்சம் ஜெர்மானியர்களைக் கொல்லத் தயாரா? அச்சடித்த கேள்வி, அச்சடித்த புன்னகை. ஒரு சிப்பாயால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. குண்டுவெடிப்பின் அதிர்ச்சி அவனைப் பாதித்திருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார். அப்படி ஒரு நோயே கிடையாது என்று கத்தி, அவனைக் கன்னத்தில் அறைகிறார் ஜெனரல். மற்றவர்களுக்கு இது தொற்றிவிடக்கூடாது என்று அவனைப் படைப்பிரிவை விட்டே அனுப்பச் சொல்கிறார்.

இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்ததில்தான் படத்தின் அடித்தளம் இருக்கிறது. இடங்கள் இரண்டு, மனிதர் ஒருவர், கேமரா நகர்வும் ஏறக்குறைய ஒன்று. மாறியது தரையும் சுவரும். போர் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் என்று படத்தின் தொடக்கத்தில் ஒரு குரல் சொல்கிறது. கேமராவோ அரண்மனைக்கும் பதுங்குகுழிக்கும் நடுவே வேறொரு எல்லைக்கோட்டைக் கிழித்துவிடுகிறது. நான் இதைச் சொல்ல எந்த வசனத்தையும் மேற்கோள் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். காட்சி ஆய்வுக்குத் துணிவு இப்படித்தான் வருகிறது.

இப்போது தாக்குதலுக்குச் சற்று முன்னால் வரும் காட்சிக்குப் போவோம். விடிந்துவிட்டது. டாக்ஸ் அதே மாதிரியான பதுங்குகுழி வழியே நடக்கிறார். மறுபடியும் கேமரா அவர் முன்னால் பின்வாங்குகிறது. ஆனால் இந்த முறை நடுநடுவே ஒரு வெட்டு வந்து கேமராவைத் திருப்பிவிடுகிறது. டாக்ஸின் கண் எதைப் பார்க்கிறதோ அதை நாம் பார்க்கிறோம். சுவரோடு ஒண்டி நிற்கும் சிப்பாய்கள், அவரை, அதாவது நம்மை, நேராகப் பார்க்கிறார்கள். குண்டுகளின் ஓசை மட்டும். பேச்சில்லை, இசையில்லை. மிரோ நடந்தபோது நாம் மிரோவைப் பார்த்தோம். அவர் என்ன பார்த்தார் என்பதில் படத்துக்கு அக்கறையில்லை, அவருக்கே இல்லை. டாக்ஸ் நடக்கும்போது அவருடைய பார்வையை நமக்கு இரவல் தருகிறார்கள். டாக்ஸ் நல்லவர் என்று யாரும் சொல்லாமலே நாம் அவர் பக்கம் சாய்ந்துவிடுவது இந்த ஒரு வேறுபாட்டால்தான்.

மூன்றாவது நடை, மரண தண்டனைக் காட்சியில் வருகிறது. இப்போது பதுங்குகுழி இல்லை. அரண்மனைத் தோட்டத்தின் அகன்ற வெளி. இரு பக்கமும் வரிசையாகப் படையினர், எட்டத்தில் மூன்று கம்பங்கள். முரசு இடைவிடாமல் அடிக்கிறது. கேமரா மறுபடியும் நேர்க்கோட்டில் போகிறது, மறுபடியும் முகம், மறுபடியும் அந்த முகம் பார்க்கும் காட்சி. கம்பங்கள் நம்மை நோக்கி நெருங்கி வருகின்றன. மூன்று நடைகளையும் தனியாக வெட்டி ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் முழுப் படமும் அதற்குள் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது. திரும்பத் திரும்ப வரும் ஒரு கேமரா நகர்வையோ ஓர் ஒலியையோ பிடித்துவிட்டால் உங்கள் ஆய்வில் பாதி முடிந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் எது மாறியிருக்கிறது என்று கேட்பது மீதிப் பாதி.

இல்லாததையும் எழுதுங்கள்

காட்சியில் இருப்பதை எழுதிப் பழகியபின் இல்லாததையும் எழுதத் தொடங்கலாம். தாக்குதல் காட்சியில் சிப்பாய்கள் குழிகளும் முள்கம்பியும் நிறைந்த பாழ்நிலத்தில் ஓடுகிறார்கள், தவழ்கிறார்கள், விழுகிறார்கள். கேமரா பக்கவாட்டில் அவர்களோடு ஊர்கிறது. டாக்ஸின் விசில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இசை இல்லை. இன்னொன்றும் இல்லை: எதிரி. சுடுகிற ஜெர்மானியச் சிப்பாயின் முகம் ஒன்றுகூடக் காட்டப்படுவதில்லை. குண்டுகள் எங்கிருந்தோ வருகின்றன. எதிரியைக் காட்டியிருந்தால் நம் கோபம் போய்ச் சேர ஒரு விலாசம் கிடைத்திருக்கும். அது கிடைக்காததால் கோபம் திரும்பி வந்து, தொலைநோக்கி வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் மிரோவிடம் சேர்கிறது. அவரோ, குழியை விட்டு வெளியே வராத தம் வீரர்கள்மேலேயே பீரங்கியால் சுடும்படி உத்தரவிடுகிறார். எழுத்தில் உத்தரவு இல்லாமல் சுட மாட்டேன் என்று பீரங்கிப் படை அதிகாரி மறுத்துவிடுகிறார்.

இது மிகைப்படுத்தல் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு வரலாற்றுச் செய்தி. 1915 மார்ச்சில் பிரான்சின் சுவேன் என்ற ஊருக்கருகே நடந்த தோல்வித் தாக்குதலுக்குப் பிறகு நான்கு கார்ப்பரல்கள் (சிப்பாய்க்குச் சற்று மேலான பதவி) சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கேயும் ஒரு ஜெனரல் தம் படையின் குழிகள்மேலேயே பீரங்கியைத் திருப்பச் சொன்னார். பீரங்கி அதிகாரி எழுத்து உத்தரவு கேட்டு மறுத்தார். 1934இல் அந்த நால்வரும் குற்றமற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஹம்ஃப்ரி காப் எழுதிய நாவல் வெளிவந்தது. அதுதான் இந்தப் படத்துக்கு மூலம். பிரான்சில் படம் 1975இல்தான் திரைக்கு வந்தது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட தகவல்களைத் தேடுவது நல்லதுதான், ஆனால் பட்டியல் போட்டு முடித்த பிறகு தேடுங்கள். முன்கூட்டியே தெரிந்துகொண்டால் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வரலாற்றோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட உட்கார்ந்துவிடுவோம்.

எண்களையும் விடாதீர்கள். தாக்குதலுக்கு முன்னால் மிரோ டாக்ஸுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார். நம் பீரங்கித் தாக்குதலிலேயே ஐந்து சதவீதம் பேர் போவார்கள். பாழ்நிலத்தைக் கடக்கையில் பத்து, முள்கம்பியில் இருபது, மேட்டைப் பிடிக்கும்போது இன்னும் இருபத்தைந்து. மிச்சம் உள்ளவர்கள் மேட்டைத் தக்கவைத்துக்கொள்ளப் போதும். கூட்டிப் பார்த்தால் அறுபது. இதே ஆள் தோல்விக்குப் பிறகு நூறு பேரைச் சுட வேண்டும் என்கிறார். புரூலார் சிரித்த முகத்தோடு பேரம் பேசிக் குறைக்கிறார். கடைசியில் கம்பெனிக்கு (படையின் ஒரு சிறு பிரிவுக்கு) ஒருவர் என்று மூன்றில் வந்து நிற்கிறது. சந்தையில் கத்திரிக்காய் விலை படிவதுபோலப் படிகிறது அந்த எண். டாக்ஸ் தம்மையே பதிலுக்குத் தருவதாகச் சொல்வது அந்தப் பேரத்தில் எடுபடவில்லை. வெவ்வேறு இடங்களில் வரும் இந்த இரண்டு கணக்குகளையும் உங்கள் பட்டியலில் ஒரு கோட்டால் இணைத்துவிடுங்கள்.

குறியீட்டு மோகம்

இராணுவ நீதிமன்றம் அரண்மனையின் பெரிய கூடத்தில் கூடுகிறது. தரை, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கல். குப்ரிக் சதுரங்கப் பைத்தியம் என்பது ஊரறிந்த செய்தி. உடனே 'சிப்பாய்கள் சதுரங்கக் காய்கள்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். தவறில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் காட்சியைப் பார்ப்பதை நிறுத்திவிடுவோம், சிக்கல் அதுதான். குறியீடு என்று பெயர் சூட்டியவுடன் கண் ஓய்வெடுக்கப் போய்விடுகிறது.

கட்டத்தை மறந்துவிட்டு இடைவெளியை அளந்து பாருங்கள். கூடம் எவ்வளவு பெரியது, நாற்காலிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன, முன்னால் வந்து நிற்கும் சிப்பாய் எவ்வளவு சிறியவனாகத் தெரிகிறான்? காலடி ஓசை எப்படி எதிரொலிக்கிறது? அவ்வளவு பெரிய கூடத்தில் விசாரணை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது? குற்றச்சாட்டு வாசிக்கப்படவில்லை, நடவடிக்கைகள் பதிவு செய்யப்படவில்லை என்று டாக்ஸ் எதிர்ப்புத் தெரிவிக்கிறார். இடம் ஏராளம், நேரம் சொற்பம். என்னைக் கேட்டால் சதுரங்கக் கட்டத்தைவிட இந்த ஏற்றத்தாழ்வு உறைப்பானது.

வெட்டு எங்கே விழுகிறது

எடிட்டிங் என்றால் வேகமாக வெட்டுவது என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. ஒரே ஒரு வெட்டை நன்றாகக் கவனித்தால் அது போய்விடும். மூன்று சிப்பாய்களில் ஒருவனான அர்னோவுக்கு முந்தைய இரவு மண்டை உடைந்துவிட்டது; நினைவிழந்தவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவந்து, அந்த ஸ்ட்ரெச்சரோடு கம்பத்தில் நிமிர்த்தி வைக்கிறார்கள். கன்னத்தைக் கிள்ளி விழிக்க வைக்கப் பார்க்கிறார்கள், சாகும்போது விழித்திருக்க வேண்டுமாம். துப்பாக்கிகள் வெடிக்கின்றன. வெட்டு. அடுத்து ஜெனரல்களின் காலைச் சாப்பாட்டு மேசை. வீரர்கள் அற்புதமாக இறந்தார்கள் என்று மிரோ சாப்பிட்டுக்கொண்டே பாராட்டுகிறார்.

நடுவில் எதுவும் இல்லை. பிணங்களை அகற்றுவது இல்லை, வானத்தைக் காட்டும் ஷாட் இல்லை, நாம் மூச்சுவிட்டுக்கொள்ள ஓர் இடைவெளி இல்லை. ஒரு சோக இசையை அங்கே நுழைத்திருந்தால் நம் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். ஆறிய மனத்தோடு மேசைக்கு வந்திருப்போம். ஆறவிடாமல் உட்கார வைத்ததால் வெண்ணெய் தடவும் கத்தியின் ஓசையே காதில் இடறுகிறது. எந்தப் படத்தை எடுத்தாலும், உங்களைத் தொந்தரவு செய்த ஒரு வெட்டைத் தேர்ந்தெடுத்து அதன் முந்தைய ஷாட்டையும் பிந்தைய ஷாட்டையும் தலா இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். இடையில் எது விடுபட்டிருக்கிறது என்பதை மூன்றாவதாக எழுதுங்கள்.

கடைசிக் காட்சி பற்றி இன்றும் சண்டை நடக்கிறது. மதுக்கடை ஒன்றில், பிடித்துவரப்பட்ட ஜெர்மானியப் பெண்ணைப் பாடச் சொல்கிறார்கள். நடித்தவர் கிறிஸ்டியான் ஹார்லன், அடுத்த ஆண்டு குப்ரிக்கின் மனைவியானவர். சிப்பாய்கள் ஊளையிடுகிறார்கள், அவள் வாய் அசைகிறது, பாட்டுக் கேட்கவில்லை. மெல்ல மெல்லக் கூச்சல் அடங்கி, பாட்டு மேலெழுந்து, ஒவ்வொரு முகமாக அருகில் வந்து, சிப்பாய்கள் கண்ணீரோடு கூடவே முணுமுணுக்கிறார்கள். இவ்வளவு கறாரான படத்துக்கு இந்த உருக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. சற்று முன்புதான் இந்த மனிதர்கள் ஒரு பெண்ணை எள்ளி நகையாடினார்கள். படம் அதை மறைக்கவில்லை. உயிரோடு முழுசாக நம் கண்ணில் படும் ஒரே 'எதிரி' அவள்தான் என்பதையும், இதுவரை கூட்டமாகவே தெரிந்த சிப்பாய்கள் இங்கேதான் தனித்தனி முகங்களாகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் உருக்கத்துக்குப் படம் கொடுத்த விலை தெரியும். நீங்கள் மாறுபடலாம். மாறுபடும்போது எந்த ஷாட் உங்களுக்கு மிகையாகப் பட்டது என்று சுட்டிச் சொல்லுங்கள். அப்போதுதான் விவாதம் நகரும்.

ஒரு காட்சியை வேண்டுமென்றே தொடாமல் விட்டிருக்கிறேன். லெப்டினன்ட் ரோஜே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பாழ்நிலத்தை வேவு பார்க்கப் போகும் இரவுக் காட்சி. பயத்தை மறைக்கக் குடித்திருக்கும் ரோஜே அங்கே செய்யும் ஒரு காரியம், பிறகு யார் கம்பத்தில் கட்டப்படுகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது. ஜெரால்ட் ஃப்ரீட் இதற்கு அமைத்த பின்னணியில் தாளக் கருவிகள் மட்டுமே உள்ளன, மெட்டு கிடையாது. உங்கள் முதல் பயிற்சிக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒலியில்லாமல், ஒருமுறை திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும். தாளம் எந்த நொடியில் நிற்கிறது, அப்போது திரையில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யாருடைய முகம் யாருக்குத் தெரிகிறது என்று எழுதுங்கள். தண்டனைக் காட்சியில் ரோஜேயும், அன்றிரவு அவரோடு வேவு பார்க்கப் போய் இப்போது கம்பத்தில் நிற்கும் கார்ப்பரல் பாரிஸும் எதிரெதிரே நிற்கும் ஷாட்டுக்கு அந்தக் குறிப்பு தேவைப்படும்.